எட்டுக் கிலோ நானூறு

பேரில்தான் மலை எங்கள் ஊருக்கு.
கோணேசர் கோயில்வரை ஒரு மூச்சு,
உவர்மலைக்கு அரை மூச்சு.
அதற்கு மேலே ஏற வேண்டுமானால்
தென்னைதான் உண்டு.

ஆகவே ஜசிந்தாவின் சாப்பாட்டு மேசையில்
மலையை விரித்தோம்.
நாலு மூலைக்கும் நாலு சங்கு.
இருந்தும் மேசை ஃபேன் திரும்பும்போதெல்லாம்
அப்புத்தளை எழும்பி எழும்பிப் படுத்தது.

கபிலக் கோடுகள் தள்ளித் தள்ளி நின்றால் நடக்கலாம்,
நெருங்கினால் ஏறவேண்டும்,
ஒன்றையொன்று தொட்டால்
மாதாவைக் கூப்பிடவேண்டும் என்றாள் ஜசிந்தா,
தபால் கந்தோரில் இருபது வருடம் இருந்து
எந்தத் தூரத்தையும் முத்திரை விலையில் அளப்பவள்.
மூன்றாம் நாளில் எல்லாம் தொட்டுக்கொண்டிருந்தன.

தையல் நூலை வளைத்து வளைத்து வைத்து
றிஸ்மியா அளந்தாள். கணக்கு ரீச்சர்.
பதினேழு கிலோமீற்றர். ஏற்றம் தொள்ளாயிரம் மீற்றர்.
'கோணேசர் மலையை ஒன்பது தரம்
ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கு' என்றாள்.
'உச்சியில் கச்சான் விற்கிறவரும் இல்லை.'

எப்போது போவது?
மார்கழியில் இங்கே மழை, வைகாசியில் அங்கே மழை.
மாசியில் எனக்குச் சிவராத்திரி,
ஜசிந்தாவுக்குத் தபசுகாலம், றிஸ்மியாவுக்கு நோன்பு.
மூன்று பக்கமும் விட்டுத் தந்த இடைவெளி
தையின் கடைசிக் கிழமை.

பின்னேரங்களில் பழகினோம்.
முதுகில் கடல்தண்ணீர் நிரப்பிய சோடாப் போத்தல்கள்.
கோட்டை வாசலால் ஏறி, இறங்கி, ஏறி.
மூன்றாம் தரம் காவல்காரர் மறித்து
'என்ன நேர்த்தி பிள்ளையள்?' என்றார்.
'முழங்காலுக்கு' என்றேன்.
இருவரும் பகிடியென்று சிரித்தார்கள்.
புள்ளிமான் ஒன்று ஷொப்பிங் பையை மென்றபடி பார்த்தது.
இறங்கும்போதுதான் என் இடது முழங்கால்
துருப்பிடித்த கீல்போலப் பேசும்.
அதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மாவாலையில் லொறி நிறுப்பது என் வேலை.
தொன்னில் பழகிய கண்.
இங்கே, மீன்சந்தையில் இரவல் வாங்கிய தொங்குதராசில்
பையைக் கொழுவ,
பாரை மணத்தோடு முள் நடுங்கி நின்றது:
ஒன்பது கிலோ எண்ணூறு.

அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். இருக்கட்டும்.
குளிர்ச்சட்டை இரண்டு. சீனன்குடாவில் பிறந்தவளுக்குக்
குளிரென்றால் ஐஸ்பெட்டிதான், இருக்கட்டும்.
தலைமயிர் உலர்த்தி. ஜசிந்தா, வெளியே.
ஜெபப்புத்தகம். நாங்கள் வாய் திறக்கவில்லை.
கட்டைச் சம்பல், கண்ணாடிப் போத்தலில். மாற்று.

அப்போதுதான் றிஸ்மியா,
டோர்ச்சிலிருந்து பற்றறியைக் கழற்றியபடி,
'மூதூரிலிருந்து கந்தளாய்க்கு நடந்தபோது
எங்கட வாப்பா ஒரு மேசை ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்' என்றாள்.
'பிறப்புப் பத்திரம் எல்லாம் வீட்டில். ஃபேன் தோளில்.
எங்கே கரண்ட் இருக்கும் என்று நினைத்தாரோ.'
சிரித்தாள்.
சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டு
நாங்களும் சிரித்தோம்.
'எத்தனை கிலோமீற்றர்?' என் வாய் கேட்டுவிட்டது.
'நூல் வைத்து அளக்கவில்லை.'

மேசை ஃபேன் தலையைத் திருப்பி
ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனது.

பிறகு அவள் பென்சிலை எடுத்து
மூன்றாம் நாளை இரண்டாக வெட்டினாள்.
கோடுகள் கொஞ்சம் விலகி நிற்கும் இடத்தில்,
தேயிலைக்கு நடுவே, சின்னதாய் ஒரு வட்டம்.
'இங்கே படுப்போம்.
ஒருத்தரும் துரத்தவில்லையே.'
மேசைக்கடியில் என் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

இரவு பத்தரை.
விடியுமுன் தராசைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.
இன்னொரு தரம் கொழுவினோம்.
எட்டுக் கிலோ நானூறு.
இன்னும் கூட, என்றேன்.
துவாயைப் பாதியாய் வெட்டினால்? என்றாள் ஜசிந்தா.

மூவரும் எழும்பிக்
கத்தரிக்கோல் தேடினோம்.