டாங்கோவின் அத்தை

புன்டா அரீனாஸில் காற்று முற்றிய நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவைப்பார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படியொரு கயிற்றை ஒரு கையால் பற்றியபடிதான்
டாங்கோ குசானோவிச்
மறுகையால் ஐயாயிரம் பேசோ நீட்டினான்.

தலைப்பு: நான் அறிந்த ஒரு கை.
இரண்டு பக்கம். வெள்ளிக்கிழமைக்குள்.

முன்பும் விற்றிருக்கிறேன்.
பனிப்பாறைகள் பற்றி ஒன்று,
செம்புச் சுரங்கம் பற்றி இரண்டு.
பிழைகளைக்கூட ஆளுக்குத் தக்கபடி அளந்து போடுவேன்.
டாங்கோவுக்குக் காற்புள்ளி வைக்க வராது,
எனவே நானும் வைப்பதில்லை.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கைகளைப் பற்றிப் பள்ளி நூலகத்தில் எதுவும் அகப்படவில்லை.
அன்றிரவு மேசைக்கு எதிர்ப்புறம்
அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.
சூப் ஆறிக்கொண்டிருந்தது.
அவள் வலதுகை கிண்ணத்தின் பக்கத்தில்,
யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன பொருளைப் போல.

பார்த்து எழுதினேன்.
பரீட்சை அறையில் அதற்குப் பெயர் குற்றம்.

போன குளிர்காலத்திலிருந்து மடங்காத கட்டைவிரல்.
ரப்பர் கையுறையைத் துளைத்து
நண்டு முட்கள் தோலுக்கடியில் விட்டுப்போன கறுப்புப் புள்ளிகள்.
பொத்தான் போட என்னைக் கூப்பிடும் முன்
மூன்று முறை தானே முயன்று பார்ப்பது.
மூன்றாவது முறை எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வது.

டாங்கோவின் அம்மாவுக்குச் சொந்தமாக மருந்துக்கடை.
ஆகவே 'அம்மா'வை அடித்துவிட்டு
'அத்தை' என்று எழுதினேன்.
வேறு எதையும் மாற்றவில்லை.

'இது முழுக்க என் சொந்தப் படைப்பு'
என்று அச்சிட்ட தாளில் டாங்கோ கையெழுத்திட்டான்.
அந்தக் கையெழுத்து மட்டும் அவனுடையதுதான்.

முதல் பரிசு.
விழாவுக்கு அம்மா ஆலைப் பூட்ஸோடு வந்து
கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.
டாங்கோ நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தாமல் வாசித்தான்.
பர்ரியா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நான் அம்மாவைப் பார்த்தேன்.
அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது, கயிற்றைப் பிடித்தபடி:
"பாவம், அந்தப் பையனோட அத்தை.
எந்த ஆலையில வேலையாம்?"
தெரியாது என்றேன்.
காற்று பலமாக இருந்தது, அது வசதியாகப் போயிற்று.

மறுநாள் நண்டு உடைக்கும் மேசைகளில்
ஒவ்வொருத்தியிடமும் விசாரித்திருக்கிறாள்,
குசானோவிச் வீட்டு அத்தை இங்கே யாரென்று.
நாற்பது பேரில் யாருக்கும் தெரியவில்லை.
இரவு ஷிப்டுக்கும் சொல்லியனுப்பியிருக்கிறாள்.
நான்காம் நாள் தன் தைல டப்பாவை,
பாதி தீர்ந்திருந்ததை,
என் பையில் வைத்தாள்.
"அவன்கிட்டக் குடு. அத்தைக்குன்னு சொல்லு.
கட்டைவிரலுக்கு இதுதான் கேக்கும்."

மூன்று நாள் சுமந்தேன்.
பூகோளப் புத்தகமெல்லாம் தைலவாடை.
கடைசியில் மைதானத்தில் டாங்கோவிடம் நீட்டியபோது
அவன் நிஜமாகவே விழித்தான்:
"எனக்கேது அத்தை?"

அன்று மாலை பர்ரியா டீச்சரின் கதவைத் தட்டினேன்.

இருவருக்கும் பூஜ்யம்.
பதக்கம் திரும்ப அலமாரிக்குப் போனது.
டாங்கோ அதன்பின் என்னோடு பேசுவதில்லை.
பனிப்பாறைகளையும் சுரங்கங்களையும்
வாங்கியவர்களின் பெயர்களை டீச்சர் கேட்டார்.
என் பங்கை மட்டும் சொன்னேன்.
அது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டில் சொல்லி முடித்தபோது
டப்பா மேசைமேல் இருந்தது.
அம்மா பள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"எவ்வளவுக்குக் குடுத்த?"
"ஐயாயிரம்."

மூடியைத் திறக்கப் பார்த்தாள்.
ஒருமுறை. இன்னொருமுறை.

"நண்டு கிலோ அதைவிட அதிகமாப் போகுது," என்றாள்.

மூன்றாவது முறை முயலவில்லை,
முதுகைத் திருப்பவும் இல்லை.
டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.