கலங்கல்

சனிக்கிழமை காலை ஏழு மணி.
கழுவிய ஊறுகாய் பாட்டிலோடு
அணையின் அடிவாரத்துக்கு இறங்குகிறாள் லூயெல்லா ஸ்ட்ரூப்.
கோரை அடர்ந்த இடத்தில்
சுண்டுவிரல் தடிமனில் ஒரு கசிவு.
பாட்டில் நிரம்பப் போன வாரம் நாற்பத்தொரு விநாடி.
இன்று முப்பத்தொன்பது.
மூடியில் தேதி எழுதுகிறாள்.

தெற்கு இந்தியானாவில் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே
அறுபத்திரண்டு வீடுகள் சந்தா கட்டி வைத்திருக்கும் ஏரி.
மீன் பிடிக்க, படகு விட,
ஜூலை நான்காம் தேதி வாணவேடிக்கை
தண்ணீரில் இன்னொரு முறை வெடிக்க.
எந்த வயலுக்கும் இதில் பாய்ச்சல் இல்லை.
எந்தக் குழாயிலும் இது வருவதில்லை.
சும்மா இருக்கிற தண்ணீர் என்பார்கள்.
தண்ணீருக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

மாநில அலுவலகத்திலிருந்து வந்த பிரிசில்லா ஓக்ஸ்
ரப்பர் பூட்ஸோடு கரை முழுக்க நடந்து
கஸ்தூரி எலி வளைகள் பதினொன்று என்றாள்.
"கசியட்டும். தெளிவாகக் கசியும்வரை கசியட்டும்.
கலங்கி வந்தால் மண் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.
அப்போது என்னைக் கூப்பிடாதீர்கள்,
முதலில் கீழே இருப்பவர்களைக் கூப்பிடுங்கள்."
பிறகு கரைமேல் நின்ற மேப்பிளை அண்ணாந்து பார்த்து
தொப்பியைக் கழற்றினாள்.
இதுவும் போகவேண்டும்.
வேர் செத்தால், வேர் இருந்த இடம் குழாய்.

டுவெய்ன் ஹாக்ஸ்டெட்லர் நட்ட மரம் அது.
மகன் தூண்டில் போட்ட இடத்தில்,
அவன் இல்லாத முதல் ஏப்ரலில்.

பொதுக்குழுவில் காப்பி இருந்தது, டோனட் இருந்தது.
வீட்டுக்கு நூற்றெண்பது டாலர் கூடுதல் என்றதும்
"அறுபது வருஷமா நின்னது, இனிமே விழப்போகுதா?"
என்றது பின்வரிசை.
இருபத்து நாலுக்கு முப்பத்து மூன்று. தோற்றது.
டுவெய்ன் எதற்கும் கை தூக்கவில்லை.

கீழே ஓடைக்கரையில்
வாக்கு இல்லாத இருபத்தாறு டிரெய்லர் வீடுகள்.
தொலைபேசி எண்கள் குறிக்கப் போனாள்.
வான்கோழி ஆலையில் இரவு வேலை முடித்து வந்திருந்த
ஒக்டாவியோ சோக்
கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:
"மேலே ஏரி இருக்கிறதா?"

மே மாதம். ஒரே இரவில் ஐந்து அங்குலம்.
கலங்கலின் வாயில் கிளைகளும்
யாரோ கட்ட மறந்த பெடல் படகும்.
இடுப்புக் கயிற்றோடு டுவெய்ன் இழுக்க
அவள் விளக்குப் பிடித்தாள்.
பிறகு அடிவாரம். பாட்டில். பின்னால் டார்ச்.
தேநீர் நிறம்.

மழை கழுவிய மேல்மண்ணா, உள்ளிருந்து வருவதா?
பொறுத்துப் பார்க்கலாம் என்றான் டுவெய்ன்.
அவள் அதற்குள் எண்ணை அழுத்தியிருந்தாள்.
இருபத்தாறு வீடும் போர்வையோடு, நாயோடு,
பாப்டிஸ்ட் சர்ச் வாகன நிறுத்தத்தில் விடியும்வரை.

அணை நின்றது.
மறுநாள் கசிவு கண்ணாடி.
"ஊரைக் கிளப்பிட்டாளே" என்று சிரித்தது அதே பின்வரிசை.

திங்கட்கிழமை ரம்பச் சத்தம்.
யாரும் டுவெய்னைக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
அடிக்கட்டையைச் சுற்றி வேரோடு வேராகத் தோண்டி
களிமண் கொட்டி, அடுக்கடுக்காக மிதித்து
நாலு நாள். கூலி இல்லை.
ஒரு துண்டு மட்டும் வண்டியில் போனது.

சனிக்கிழமை ஒக்டாவியோ வந்தான், மகளோடு.
"உறுப்பினர்களுக்கு மட்டும்" பலகையைத் தாண்டி
கரை உச்சியில் நின்றான்.
இந்தப் பக்கம் கால் எட்டும் தூரத்தில் தண்ணீர்.
அந்தப் பக்கம், வெகு கீழே, தன் கூரை.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.
குழந்தை வாத்துக்குக் கை ஆட்டியது.

லூயெல்லா பாட்டிலை அவனிடம் நீட்டினாள்.
அவன் குந்தி, கசிவுக்குக் கீழே பிடித்து
வாய்க்குள் ஸ்பானிஷில் எண்ணத் தொடங்கினான்.
முப்பதைத் தாண்டும்வரை
அவளுக்குத் தன் மூச்சு கேட்கவில்லை.