கழுத்து வட்டங்கள்

கிலோ முந்நூற்றெண்பது. கலந்தது.
தனிப் பருத்தியென்றால் அறுநூறு.
பொறுக்க விடமாட்டார் நிஸ்தார்.
வவுனியாவிலிருந்து லொறியில் ஏற்றிவந்து
கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில்
வாகை நிழலில் உரப்பைகளை நிறுத்திவைப்பார்,
வாய் கட்டியபடியே.
"கைய விட்டுக் கிண்டினா அது வேற விலை, தங்கச்சி."

மூக்கால் வாங்கப் பழகிவிட்டேன்.
பையின் ஓட்டையால் ஒரு நூலை இழுத்து
அவருடைய லைட்டரையே கேட்டு எரிப்பேன்.
கடதாசி மணந்தால் பருத்தி.
உருகி மிளகுபோல் உருண்டால் வேண்டாம்.
இரண்டும் மணந்தால்
இருபது ரூபா குறைக்கச் சொல்லலாம்.
குறைக்கமாட்டார்.
ஒரு கைப்பிடி நாடா அள்ளிப் போடுவார்.

சந்தியிலிருந்து எட்டுக் கிலோமீற்றரில்
இதே துணியை வெட்டுகிற தொழிற்சாலை.
வெட்டுமேசையில் நிற்பவள்
எங்கள் ஒழுங்கைப் பிரசாந்தி.
"ஒரு துண்டும் கொண்டுவர ஏலாது அக்கா,
வாசலிலை தடவித்தான் வெளியிலை விடுவினம்."
கழிவெல்லாம் கேள்விப்பத்திரத்தில் எடுத்தவருக்கு.
அவர் வவுனியாவுக்கு ஏற்றுவார்.
வவுனியா நிஸ்தாருக்கு நிறுத்துக் கொடுக்கும்.
நூற்றைம்பது கிலோமீற்றர் அலைந்த களைப்பு
விலையில் தெரியும்.

இந்த வெயிலுக்குப் போர்வையா என்று சிரித்தவர்கள்
மார்கழியில் வருவார்கள்.
குளத்துப் பக்கமிருந்து பனி இறங்கி
தகரம் உள்ளே சொட்டத் தொடங்கும் கிழமையில்
பிள்ளை பெற்ற வீடுகளுக்கு
என் நம்பர் ஞாபகம் வரும்.
சின்னதற்கு முக்கால் கிலோ, பெரியதற்கு இரண்டு.
நடுவில் பழைய பெட்சீற், அடியில் நைந்த சேலை.
நூல்தான் விலை.
சிவப்பை மட்டும் நம்பக்கூடாது:
உப்புத் தண்ணியில் ஓரிரவு ஊறவிடாமல் தைத்த ஒன்றால்
தேராவிலில் ஒரு பிள்ளை
றோசா நிறத்தில் விழித்ததாம்.

போன சனிக்கிழமைப் பை நன்றாகத்தான் மணந்தது.
வீட்டில் அவிழ்த்தால்
ஒரு பட்டி இல்லை, ஒரு சதுரம் இல்லை.
எல்லாம் வட்டம்.
முழு வட்டமும் இல்லை, ஒரு பக்கம் சப்பை.
நீலம், சாம்பல், மறுபடி நீலம்,
உள்ளங்கை அளவில் நூற்றுக்கணக்கில்.
வட்டத்தோடு வட்டம் பொருந்தாது,
தைக்கத் தெரியாதவருக்கும் தெரியும்.
நிஸ்தாருக்கு அழைத்தேன்.
"வாய் கட்டின பை தங்கச்சி.
உள்ள என்னெண்டு எனக்குந் தெரியா."

பின்னேரம் பிரசாந்தி வந்தாள்.
ஒன்றை எடுத்தாள், சிரித்தாள்,
தன் தொண்டைக்குழியில் வைத்துக் காட்டினாள்.
"கழுத்தக்கா இது.
இது மீடியம். இது எக்ஸ்எல்.
இந்தச் சின்னன் பிள்ளையளின்ரை."
விரலால் தொட்டே அளவு சொன்னாள்.
நாளுக்கு ஆயிரத்து இருநூறு கழுத்து வெட்டுகிறாளாம்.

சேட்டெல்லாம் கப்பலேறிப் போய்விட்டது.
எந்த ஊரிலோ ஒருவன்
குளித்துவிட்டு, ஈரத் தலையை
இந்த ஓட்டைக்குள்ளால் நுழைத்துக்கொண்டிருப்பான்.
தலை வெளியே வருவதற்காக
எடுக்கவேண்டியிருந்த துணி
என் மடியில் கிடக்கிறது.

மகனுக்குக் கட்டையாய்ப் போன
பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டுகளைப் பிரித்து
மேலே வைத்துத் தைத்தேன்.
எக்ஸ்எல் அடியில், இடைவெளிகளில் பிள்ளைகள்.
ஓரம் மடித்து மடித்து
பெருவிரல் நகம் பிளந்தது.
நாலு இரவு. இரண்டுமுறை கரண்ட் போனது.

முதலாவதைப் பிரசாந்தியே கேட்டாள்,
அவளுடைய அண்ணிக்கு வைகாசியில் பிள்ளை.
வைகாசியில் யார் போர்ப்பார் என்று கேட்கவில்லை,
வியாபாரம்.
"நான் வெட்டினதுதானே, குறையுங்கோவன்."
குறைக்கவில்லை.
ஒரு கைப்பிடி நாடா போட்டேன்.

இன்னும் ஒரு கிலோ வட்டம் கிடக்கிறது.
நிஸ்தாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்,
கைவளைவுத் துண்டுகள் வந்தால்
எனக்கு எடுத்துவைக்கச் சொல்லி.
பிறைபோல இருக்குமாம், பிரசாந்தி சொன்னாள்.
வந்தாலும் எப்படிக் கண்டுபிடிப்பது?
நூலை எரித்தால்
அது மணக்காது.