மூன்றாவது துளை

கருங்கல் சந்தை தாண்டி
ரப்பர் தோட்டம் முடிகிற வளைவில்
அந்த வீடு.
"வாஸ்து பாத்து கெட்டினது" என்றார் பகவதியப்பன்.
ஷைனி தலையாட்டிக்கொண்டே
பையிலிருந்து டெஸ்டரையும் சின்னச் சுத்தியலையும் எடுத்தாள்.

அவள் கூலி இரண்டாயிரத்து ஐநூறு.
வெள்ளையடித்த வீட்டுக்கு எஞ்சினியர் எதற்கு என்று
தோகாவிலிருந்து சிரித்தார் இவர்.
எனக்கு உள்ளூர ஒரு கணக்கு.
அவள் குறை சொல்லச் சொல்ல விலை குறையும்.
மருந்துக்கடையில் பதினோரு வருடம் நின்ற கால் இது,
பேரம் பேசாமல் வெண்டைக்காய்கூட வாங்கியதில்லை.

சன்ஷேடில் தட்டினாள்.
டொக். டொக். டொக்.
பிறகு
தொப்.
உள்ளங்கை அகலத்துக்கு சிமென்ட் உதிர்ந்து
கீழே நின்ற மூன்று சக்கர சைக்கிளின் சீட்டில் விழுந்தது.
மேலே கம்பி
கருவாட்டு முள்போல் சிவந்து, ஏடு ஏடாக.
"மண்ணுல உப்பு இருந்திருக்கு."
பகவதியப்பன் எங்களைப் பார்க்கவில்லை,
சைக்கிளையே பார்த்தார்.
"ஆத்து மணல்னு சொல்லித்தான் எறக்கினான்."

குளியலறையில் கேஸ் கீசர்.
ஜன்னல் இருந்த இடத்தில் டைல்ஸ்,
நீலப் பூ போட்டது, அழகானது,
காற்று நுழைய ஒரு ஊசித்துளை இல்லை.

அடுக்களையில் ஃப்ரிட்ஜ்,
அதன் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.
அதில் காலை நுழைத்துக்கொண்டுதான்
எங்களுக்குத் தண்ணீர் எடுத்தாள் கோமதி அக்கா.
"லேசா கடிக்கும்.
செருப்பு போட்டா ஒண்ணுமில்ல பாத்துக்கிடுங்க."
பத்தொன்பது வருடமாக.
பக்கத்தில் பேரனுக்கு ஒரு குட்டிச் செருப்பு,
முயல்குட்டி படம் போட்டது.

பிளக்பாயின்டைக் கழற்றிக் காட்டினாள் ஷைனி.
மூன்று துளை.
இரண்டுக்குப் பின்னால் வயர்.
மூன்றாவதற்குப் பின்னால்
உடைந்த பல்லிமுட்டை ஒன்று.
எல்லா அறையிலும் அப்படித்தான்,
மண்ணுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு
சுவருக்குள்ளேயே நின்றுவிட்டிருந்தது எர்த்.

ஒன்பது குறைகள். தாளை என்னிடம் மட்டும் நீட்டினாள்.
"காசு குடுத்தது நீங்க. பேப்பர் உங்களுக்கு."

காரில் உட்கார்ந்து கூட்டிக் கழித்தேன்.
மூன்று லட்சம் இறங்குவார்.
வாயைத் திறக்காமல் இருந்து
பத்திரத்துக்கு முந்தின நாள் தாளை விரித்தால்
நாலுகூட இறங்குவார்.
பத்திரத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம்.
அதுவரை வீடு அவர்களுடையது,
கடியும் அவர்களுடையது.

ஷைனி சாவியைத் திருப்பவில்லை.
கண்ணாடியில் மழை வழிந்தது, வைப்பரையும் போடவில்லை.
ஒன்றும் சொல்லவும் இல்லை அவள்.
சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இறங்கிப் போனேன்.
ஒன்பதையும் வாசித்தேன்,
பேரம் பேசுகிற அதே குரலில்,
வேறு குரல் எனக்கு வராது.
"எவ்வளவு கொறைக்கணும்?" என்றார்.
"அது பெறவு.
இன்னிக்கு அந்த கீசர்ல யாரும் குளிக்கண்டாம்.
பிள்ளைய ஜன்னலடியில விடாதீங்க."
தோகாவில் இவருக்குத் தெரிந்தால் கத்துவார்.
தெரிந்தது. கத்தினார்.

இரண்டு நாள் கழித்து திங்கள்சந்தையிலிருந்து ஜெபசிங் வந்து
கிணற்றோரம் குழி தோண்டினானாம்.
செம்புத்தகடு, அடுப்புக்கரி, அரைச்சாக்கு உப்பு.
கம்பியைத் தின்ற அதே உப்புதான்,
இங்கே காவலுக்கு நிற்கிறது.

ராத்திரி எட்டரைக்குப் போன் வந்தது.
"கோமதி வெறுங்கால்ல ஃப்ரிட்ஜ் தொறந்தா."
"பெறவு?"
"பெறவென்ன, ஒண்ணுமில்ல.
நம்பாம மூணு தடவ தொறந்து பாத்தா."

சிரித்தோம்.
அப்புறம் இரண்டு பேரும் கொஞ்சநேரம் பேசவில்லை.

விலை இன்னும் முடியவில்லை.
அவர் நாற்பத்துமூன்றில் நிற்கிறார்,
நான் நாற்பத்தொன்றில்.