இரண்டு பருவம்

வெ. மாதேசு, டூவீலர் ஸ்டாண்டு, குகை, சேலம்.
என் பேரைப் பிழையில்லாமல் எழுதி வந்த
முதல் கடிதம் அதுதான்.
கீழே மாவட்டச் சங்கத்தின் ஊதா முத்திரை.
இரண்டு பருவம் மைதானத்துக்குள் வரக்கூடாது.
காரணம்: செருப்பு. ஒன்று.

மற்றது வீட்டில் இருக்கிறது.
அன்றைக்கு நாலு ரோடு தாண்டி
ஒரு கால் சுட, ஒரு கால் சுடாமல்
நொண்டி நொண்டி வந்து சேர்ந்தேன்.
"ஜெயிச்சீங்களா?" என்றாள் ராஜாமணி.
காலைப் பார்த்தாள். மேலே கேட்கவில்லை.

என் போட்டோவை ஜெராக்ஸ் எடுத்து
வடக்கு கேட்டில் ஒட்டியிருக்கிறார்கள்.
ஆதார் போட்டோ.
அதில் இருப்பவனை நானே உள்ளே விடமாட்டேன்.

ஞாயிறு நாலு மணிக்கு
தட்டுவடை வண்டிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவில்
மதிலைப் பார்த்து நிற்கிறேன்.
தார் ரோட்டுக்குத் தடையில்லை.
சேர்வராயன் மலை மட்டும்
டிக்கெட் வாங்காமல், மதிலுக்கு மேலே தலையை நீட்டி
மொத்த ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உள்ளேயிருந்து போனில் மொய்தீன்:
"போகுது... போகுது... அய்யோ."
"என்னடா அய்யோ? யாருக்கு அய்யோ?"
"இருடா, மறைக்கிறான் ஒருத்தன்."
இருபத்திரண்டு வருசம் என் தோளை உரசி உட்கார்ந்தவனுக்கு
ஒரு த்ரோ-இன்னை முழுசாகச் சொல்லத் தெரியாது
என்பது இப்போதுதான் தெரிகிறது.

போனை வைத்துவிட்டேன். காது போதும்.
குட்டை விசில் என்றால் ஃபவுல்.
'ஊ' என்று கிளம்பிப் பாதியில் சரிந்தால் பந்து கம்பத்தில்.
தட்டுவடைக்காரர் கரண்டி தட்டுவதுகூடக் கேட்டால்
ரயில்வேக்காரன் கோல் போட்டுவிட்டான்.

அந்தச் சத்தத்தில் என் சத்தம் இல்லை.
கிழக்கு மூலை, மேலேயிருந்து மூணாவது படி.
எவன் பந்தைத் தவறவிட்டாலும் அங்கிருந்து நான்தான்,
"அது காலாடா, கட்டில் காலாடா!"
எதிர் டீம் கோல்கீப்பர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பான்.

ஒன்று சொல்லவேண்டும்.
போன மாசம் மொய்தீன் அந்த வீடியோவைக் காட்டினான்.
நிறுத்தி, தள்ளி, திரும்ப நிறுத்தி.
ஆஃப்சைடுதான்.
ஒரு முழம் முன்னால் நிற்கிறான் நம்ம ஆள்.
சகாயநாதன் சார் கொடியைத் தூக்கியது சரி.

சார் தினமும் தன் டிவிஎஸ்ஸை
என் ஸ்டாண்டில்தான் விடுகிறார்.
டோக்கன் கொடுக்கிறேன், வாங்குகிறார்.
நாற்பத்தொன்று.
சாயங்காலம் நீட்டுகிறார், வாங்குகிறேன்.
நாற்பத்தொன்று.
செருப்பு பட்ட காதோரம் இப்போது ஒன்றுமில்லை.
பார்த்துக்கொண்டேன்.
'ஆட்சேபணை இருப்பின் பதினைந்து நாளுக்குள்'
என்கிறது கடிதம்.
ஆட்சேபணை இல்லை என்று எழுத அதில் இடமில்லை.

நேற்று,
எழுபதாவது நிமிஷம் இருக்கும்,
மின்கம்பியில் உரசாமல் மதிலைத் தாண்டி
எண்ணெய்ச் சட்டிக்கு ஒரு சாண் தள்ளி
என் காலடியில் விழுந்தது பந்து.

இத்தனை வருசத்தில் அதைத் தொட்டதில்லை.
நினைத்ததைவிடக் கனம்.
ஒரு பக்கம் புல்லும் சுண்ணாம்புக் கோடும்.
முகர்ந்தேன். தட்டுவடைக்காரர் பார்க்காதமாதிரி இருந்தார்.

"அண்ணே, பந்து!"
கேட் கம்பிக்குப் பின்னால் வாட்ச்மேன் பையன்,
அவன் தலைக்கு மேல் என் ஜெராக்ஸ் முகம்.
கையில் கொடுத்திருக்கலாம்.
ரோட்டில் வைத்தேன்.
நாலடி பின்னால் போனேன்.
டவுன் பஸ் ஒன்று எனக்காகப் பிரேக் போட்டது.
உதைத்தேன்.

மதிலில் பட்டுத் திரும்பி வந்து
என் முழங்காலையே தட்டிவிட்டுச்
சாக்கடையில் இறங்கியது.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
அப்புறம் மதிலுக்கு மேலே, மலைக்குப் பக்கத்தில்,
கிழக்கு மூலையில் ஒரு பொடியன் தலை.
குரல் இன்னும் உடையாத வயசு.

"அது காலாடா, கட்டில் காலாடா!"

பஸ்ஸே சிரித்தது.
சாக்கடைக்குள் கையை விட்டபடி
நிமிர்ந்து அவனைப் பார்த்தேன்.
பரவாயில்லை.
கடைசி 'டா'வை இன்னும் கொஞ்சம் இழுக்கணும்.