904ஆம் அறையின் சுவிட்ச்

சுவரோடு சுவராய்
சீமெந்து நிறத்தில் ஒளித்துவைத்திருக்கிறார் டிசைனர்.
விளிம்பில்லை, எழுத்தில்லை.
சுவர் மூச்சுவிட வேண்டுமாம்.

இரவானால் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.
904, 911, திரும்பவும் 904.
லைட் எங்கே, லைட் எங்கே.

போன கிழமை
நெற்றிப்பொட்டைக் கழற்றி அதன்மேல் ஒட்டினேன்.
மூன்று நாள் ஒருவரும் கூப்பிடவில்லை.
நாலாம் நாள் படம்பிடிக்க வந்தவர்கள்
நகத்தால் சுரண்டிவிட்டுப் போனார்கள்.

நேற்று டிசைனரே தங்கினார்.
ஒன்றரை மணிக்கு போன்.
கதவு திறக்க, உள்ளே
காலிமுகத்துக் கடலின் இரைச்சல்,
இருட்டில் சுவரைத் தடவும் உள்ளங்கை.

"இன்னும் கொஞ்சம் கீழே, சேர்."

வெளிச்சம் வந்ததும்
சுவரைப் பார்க்கவில்லை அவர்,
என் நெற்றியைப் பார்த்தார்.

கறுப்பு. ஆகச் சின்ன அளவு.
வெள்ளவத்தையில்
அட்டை அறுபது ரூபா.