கண்ணாடியில் ஒரு புள்ளி

மால்டா, நாற்பத்திரண்டு.
ஏறுமுன் மெக்கானிக் பில்பீம்
சட்டை நுனியால் விமானக் கண்ணாடியைத் துடைப்பான்:
"தூசியும் எதிரியும் ஒரே அளவுதான், சார்."

ஒருநாள் அதற்கு நேரமில்லை.
வலது மூலையில் ஒரு புள்ளி.
தூசி என்று விட்டார் ட்ரெவாஸ்கிஸ்.
பக்கத்தில் பறந்த லாங்மெய்ட்
எரிந்தபடியே கடலுக்குப் போனான்.

பிறகு பதினொன்றை வீழ்த்தினார்.
பதக்கம், தோளில் பட்டை, இன்னொரு பட்டை,
மேசை, அதைவிடப் பெரிய மேசை.

இன்று ஏர் மார்ஷல். லண்டனில் மழை.
ஏடன் வரைபடத்தில் யாரோ குத்திய ஊசிகள்.
ஊசிக்குப் பன்னிரண்டு பையன்கள்.
கையெழுத்துக்காகத் திறந்து கிடக்கிறது கோப்பு.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.
மறுபடி துடைக்கிறார்.
செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

கைக்குட்டையை வைத்துவிட்டு
இடுப்புக்குள்ளிருந்து
சட்டை நுனியை உருவுகிறார்.